தையலில் சிக்கிய குழாய்

எழுபதுகளில், சென்னை மருத்துவமனை ஒன்றின் இதய அறுவை அரங்கில் தற்காலிகத் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் ரயில். கழுத்து வழியாக இதயத்துக்குள் விடும் மெல்லிய குழாயைத் தயார்செய்வதும், மயக்க மருத்துவர் அதைச் செலுத்தும்போது குழாயிலுள்ள அளவுக் குறிகளைப் படித்துச் சொல்வதும் என் வேலை.

மார்பை மூடுமுன் அந்தக் குழாயை இரண்டு விரற்கடை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது எங்கள் அரங்கின் வழக்கம். தடையின்றி நகர்ந்தால் தையலில் சிக்கவில்லை என்று அர்த்தம். பழவேற்காட்டு மீனவப் பெண் ஒருத்திக்கு இதய ஓட்டையை அடைத்த அன்று, தலைமை மருத்துவர் அவசரத்தில் இருந்தார்.

“குழாயை அசைக்கணும் சார்” என்றேன்.

“எனக்குப் பாடம் எடுக்காதே” என்று சொல்லி மார்பை மூடினார்.

மறுநாள் எடுக்கப் பார்த்தபோது குழாய் வெளியே வரவில்லை. இழுத்தால் நாடி தடுமாறியது. இழுத்த பயிற்சி மருத்துவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். வாசலில் அவள் கணவர் நின்றிருந்தார்.

“இன்னாம்மா, முள்ளு மாட்ன மீனாட்டம் பட்த்துக்கினு கீறா. உள்ள இன்னா மாட்டிக்கினு கீது?”

“பாத்துச் சொல்றேண்ணா.”

தலைமை மருத்துவர் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டினார். “இவ அளவைத் தப்பாச் சொல்லியிருக்கா. குழாய் அதிகமா உள்ள போய் முடிச்சு விழுந்திருக்கு. கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி வந்தவளுக்கெல்லாம் இதயம் புரிஞ்சிடுமா?”

தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் வேலை போய்விடும். போடவில்லை. எக்ஸ்ரேயில் முடிச்சு தெரியவில்லை. படம் சரியில்லை என்றார். மார்பைத் திறந்து பார்த்துவிட்டு என்னை வேலையை விட்டு அனுப்புவதாகவும் சொன்னார்.

மார்பை மறுபடி திறந்தபோது அவருக்கு நேரெதிரே நின்றேன். இதயச் சுவரில் அவர் போட்ட தையலின் நூல், குழாயைக் குத்தி மறுபக்கம் வந்திருந்தது. அதை வெட்டியதும் குழாய் தானாக வழுக்கி வந்தது.

அரங்கின் அறுவைக் குறிப்பேட்டைத் திறந்து, எழுத எழுதச் சத்தமாக வாசித்தேன். ஒன்று, உள்ளே போன அளவு சரி. இரண்டு, முடிச்சு இல்லை. மூன்று, தையல் குழாயைக் குத்தியிருந்தது. நான்கு, மூடுமுன் குழாய் அசைத்துப் பார்க்கப்படவில்லை.

“போதும்” என்றார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு சார். தையல் போட்டது யாருன்னு எழுதணும்.”

“நான்தான்.”

“கொஞ்சம் சத்தமா சார். முகமூடியில கேக்கல.”

மறுபடி சொன்னார். அரங்கில் ஏழு பேர் கேட்டார்கள், எண்ணினேன். அந்தப் பெண் பிழைத்தாள், என் வேலையும் பிழைத்தது. மூன்றாம் முறையும் சொல்ல வைத்திருக்கலாம் என்று மட்டும் இப்போதும் தோன்றுகிறது.