கருமத்தம்பட்டி அம்மாவின் முழங்கால்

பாயில் மல்லாந்து படுத்ததும் அவர் செய்த முதல் காரியம், என் பக்கம் நீண்டிருந்த கால்களை வெடுக்கென்று மடக்கிக்கொண்டதுதான். "உங்களப் பாத்துக் காலை நீட்டுனா நல்லாவா இருக்குதுங்க அம்மணி?" என்றார். கோவையில், முழங்கால் தேய்ந்த வயதான பெண்களுக்கு பாயில் படுத்துச் செய்யும் பிலாட்டிஸ் உடற்பயிற்சியை நான் நடத்தத் தொடங்கிய புதிது. கால் நீட்டாமல் அதைக் கற்றுத்தர எனக்குத் தெரியாது. பாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன். மகனுடைய பழைய டிராக் பேண்ட்டின் மேல் சேலை கட்டி வந்திருந்த அவரை மற்ற பெண்கள் கருமத்தம்பட்டி அம்மா என்றே அழைத்தார்கள்.

மற்றவர்களுக்கு வலி குறைந்தால் போதும். அவருக்கு வேண்டியது வேறு. கணவர் போனபின், தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். அடி ஒன்றுமில்லை, ஆனால் எழ முடியாமல், பால்காரர் வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து பெங்களூரில் இருக்கும் மகன், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வரச்சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். "உழுந்தா நானா எந்திரிக்கோணுங்க. அதை அவன் கண்ணால பாத்துப்போட்டான்னா என்னைய ஊட்டுல இருக்க உட்டுருவான்" என்பது இந்த அம்மாவின் கணக்கு.

தொடையிலும் இடுப்பிலும் வலு ஏறினால் முழங்காலின் பாரம் குறையும். ஆனால் வலிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும், அதை அவர்தான் சொல்ல வேண்டும். எப்போது கேட்டாலும் "பரவாயில்லீங்க" என்பார். நானும் நம்பிக்கொண்டே போனேன். ஒருநாள் முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்தபடி வந்து நின்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "நீங்க இத்தனை மெனக்கெட்டுச் சொல்லித் தாரீங்க. வலிக்குதுன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னுதானுங்க" என்றார். மரியாதைக்குப் பேர்போன ஊரில் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது. இன்றைக்கு நான் யார் வாயையும் நம்புவதில்லை, புருவத்தைத்தான் பார்க்கிறேன். வீக்கம் வடிந்ததும் மறுபடி சேர்த்துக்கொண்டேன், வலித்தால் வாய் திறக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. காலைத் தூக்கப் பட்ட பாட்டைவிட அதற்கு அவர் பட்ட பாடு பெரிது.

மகன் என் வகுப்புக்குப் பார்க்க வந்த நாளில், அம்மா நாற்காலியைப் பிடித்து மெல்ல இறங்கித் தரையில் படுத்தார். பக்கவாட்டில் புரண்டு, கையூன்றி, திரும்பவும் நாற்காலிவரை வந்துவிட்டார். ஒரு காலை முன்னால் ஊன்றி எழும்போது பாதியில் நின்றுவிட்டார். மகன் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்தார். எனக்கும் கை பரபரத்தது.

"கைய எடு சாமி. வலிச்சா நானே சொல்றேன். இப்ப வலிக்கல, நேரந்தான் ஆவுது" என்றார் அவர்.

மகன் விலகிக்கொண்டார். எழுந்து நின்றதும் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணு. நான் ஊட்டுக்குப் போறேன்" என்றார். மகன் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.