ஊசி மருந்தும் உப்பு போட்ட ஐஸும்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மதியம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரும் பேருந்தில், மடியில் ஒரு ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பெட்டியை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "மீனாண்ணே?" என்றார். "மருந்து" என்றேன். அவர் நம்பவில்லை. பெட்டியில் அடித்த வாடைக்கு நானே நம்பியிருக்க மாட்டேன்.

கோட்டைப்பட்டினத்தில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். விசைப்படகுகளுக்கு ஐஸ் பார் போடுவது, உடைப்பது, ஏற்றி விடுவது எல்லாம் என் பொறுப்பு. எந்த மீனுக்கு எவ்வளவு ஐஸ், எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அந்தத் திமிர்தான் இந்தக் கதையே.

மடியில் இருந்த மருந்து என் மனைவிக்கு. அதற்கு முந்தைய வருடம் அவளுக்கு அடிக்கடி வயிறு கடுத்தது, ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் கழிப்பறைக்கு ஓடினாள். உடம்புச் சூடு என்று நினைத்து மோரும் இளநீருமாகக் கொடுத்தேன். மூலமாக இருக்கும் என்று யாரோ சொல்ல, கருணைக்கிழங்கு சமைத்துச் சாப்பிட்டாள். மலத்தில் ரத்தம் போனதை மட்டும் எட்டு மாதம் என்னிடம் சொல்லவே இல்லை. ஒருநாள் குழாயடியில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள். நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். "இதெல்லாம் ஒங்ககிட்ட எப்படிங்க சொல்றது? கூச்சமா இருந்துச்சு" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

திருச்சியில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் முழுக்கப் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர் சொன்னார் டாக்டர். நிதானமான மனிதர். நான் படிக்காதவன் என்று பார்க்காமல் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார்.

"கிருமி வந்தா சண்டை போடுறதுக்குன்னு ஒடம்புல அணுக்கள் இருக்குங்க. ஒங்க வீட்ல அதுங்களுக்கு ஆள் அடையாளம் தப்பிப் போச்சு. குடல்ல சாதுவா குடியிருக்கிற கிருமியையும் எதிரின்னு நெனச்சுக்கிட்டு, கடைசில சொந்தக் குடலையே அடிக்குதுங்க" என்றார். அப்படி அடிக்கும்போது அந்த அணுக்கள் டி.என்.எஃப். என்று ஒரு புரதத்தை வெளியே விடுமாம். அது மற்ற அணுக்களையும் சண்டைக்கு இழுத்துவரும். வந்தவையும் அதையே விடும். இப்படியே போனால் புண் எங்கே ஆறுவது?

மாத்திரைகள் கொடுத்தார். கேட்கவில்லை. ஸ்டீராய்டு கொடுத்தபோது ரத்தம் நின்றது, ஆனால் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிப்போனது. அளவைக் குறைத்தால் மறுபடி ரத்தம். எல்லோருக்கும் ஒரே மருந்து கேட்காது என்றார். அந்த டி.என்.எஃப்.பைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்கிற இன்னொரு புரதத்தை ஊசியாகப் போடலாம் என்றார். அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால், காசநோய் எங்காவது பதுங்கியிருக்கிறதா என்று முதலில் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது கேக்கலைன்னா இன்னும் ஒண்ணு ரெண்டு மருந்து இருக்கு. அணுவுக்கு உள்ள போய், சண்டைக்குக் கூப்புடுற சேதியை அடைக்கிற மாத்திரைகூட வந்திருக்கு. ஆனா இவங்க குடல் இருக்கிற நெலமைல ரொம்ப நாள் பாத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க. பெருங்குடலை எடுக்க வேண்டி வந்தாலும் வரும்."

எடுத்துவிட்டு வயிற்றில் ஒரு பை வைப்பார்களாம். பலர் அதோடு நன்றாகவே வாழ்கிறார்கள் என்றும் சொன்னார். வெளியே வந்து என் மனைவியிடம் சொன்னேன். பேருந்து ஏறும்வரை என் சட்டைக் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

முதல் தவணையை ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அடுத்த தவணை. பேனா மாதிரி இருக்கும் இரண்டு ஊசிகளை வாங்கி வந்து வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். வழியில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று தெரியாமல் பேருந்தில் போய்வருவது அவளுக்குப் பெரும்பாடு. அதனால் நான் மட்டும் போனேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பிளான்ட்டிலும் அதிக வேலை இல்லை.

மருந்தகத்தில் இருந்தவர் ஒரு சின்னத் தெர்மோகோல் பெட்டியில், இரண்டு நீலநிற ஜெல் பைகளுக்கு நடுவில், அட்டை வைத்து மருந்தைக் கட்டினார். "வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல வச்சிருங்க. ஃபிரீசர்ல வைக்கக் கூடாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வெயிலில், மூன்று பேருந்து மாறி, கடற்கரை வரைக்கும் இந்த இரண்டு பொட்டலம் தாங்குமா? விவரம் தெரியாத பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் விடியற்காலையிலேயே பிளான்ட்டிலிருந்து எங்கள் மீன் பெட்டியில் ஐஸை நொறுக்கி அடைத்து எடுத்துப் போயிருந்தேனே! பேருந்து நிலையத்தில் ஒரு தூண் மறைவில் உட்கார்ந்து, மருந்தை அட்டைப்பெட்டியோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸுக்குள் புதைத்தேன். அதோடு விட்டேனா? காலையிலேயே பொட்டலமாகக் கட்டி எடுத்துவந்திருந்த கல்லுப்பைப் பிரித்து இரண்டு கை அள்ளி மேலே தூவினேன். உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர்ச்சி இன்னும் கீழே இறங்கும். எங்கள் பிளான்ட்டில் ஐஸ் பார் உறைவதே உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள்தான். ஃபிரீசரில்தானே வைக்கக் கூடாது என்றார், இது ஃபிரீசர் இல்லையே என்று எனக்கு நானே வக்கீல் வேலையும் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் வந்து திறந்தபோது மருந்துப் பெட்டி மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. ஊசிப் பேனாவின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே மருந்து கல்லாக இருந்தது. "பாத்தியா, மூணு பஸ்ஸு மாறி வந்தும் கொஞ்சம்கூட சூடு ஏறல" என்று மனைவியிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். ஃபிரிட்ஜில் வைத்துப் படுக்கப் போகுமுன் எடுத்துப் பார்த்தால், உருகிப் பளிங்குத் தண்ணீராக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்தார். அறந்தாங்கியில் ஒரு கிளினிக்கில் வேலை பார்ப்பவர், எங்களுக்கு அடுத்த தெரு. முன்பின் பழக்கமில்லை. டாக்டரின் சீட்டை எடுத்துக்கொண்டு நான் போய்க் கேட்டதும், வேலைக்குப் போகிற வழியில் போட்டுவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டவர். கையைக் கழுவினார். ஊசியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் பிரித்து வாசித்தார்.

"திருச்சிலேருந்து எப்படிண்ணே கொண்டாந்தீங்க?"

"ஐஸ்லதாம்மா" என்று இழுத்தேன்.

"ஐஸ் நேரா படலையே? ஒறஞ்சு கிறஞ்சு போகலையே?"

அவர் கேட்ட விதத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எதைப் பெருமை என்று நினைத்தேனோ அதுதான் தப்பு. அந்த நொடியில் என் மண்டைக்குள் ஓடியதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். மருந்து பார்க்கத் தெளிவாக இருக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது? பதினெட்டு வருட ஐஸ்காரன் ஒரு ஊசியை ஒழுங்காகக் கொண்டுவரத் தெரியாதவன் என்று தெரு முழுக்கச் சிரிக்க வேண்டுமா? என் மனைவி கட்டிலில் காலை நீட்டி, ஊசி போடத் தயாராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தவள். எட்டு மாதம் கூச்சப்பட்டு வாயை மூடியிருந்தாயே என்று இவளையா அப்படித் திட்டினோம் என்று நினைத்ததும் வியர்த்துவிட்டது.

"ஒறஞ்சு போச்சும்மா. கல்லு மாதிரி ஆயிருச்சு. உப்பும் போட்டேன்" என்றேன்.

நர்ஸ் ஊசியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "அப்ப இது வேணாம்ணே."

"இப்பத்தான் நல்லா தெளிவா இருக்கேம்மா?"

"பாக்கத்தான் தெளிவு. இது உசுரு உள்ள அணுவுல வளத்து எடுக்கிற புரதம்ணே. அதுக்குன்னு ஒரு மடிப்பு இருக்கு. ஒறஞ்சா அந்த மடிப்பு கலைஞ்சிரும். அப்பறம் அந்த டி.என்.எஃப்.பைப் பிடிக்க அதுக்குத் தெரியாது. வேற தொந்தரவும் வரலாம். நான் போட மாட்டேன்."

வஞ்சிர மீனை ஃபிரீசரில் போட்டுக் கெடுத்துவிட்டு, ஐஸ் சரியில்லை என்று சண்டைக்கு வரும் ஆட்களிடம் நானே எத்தனை முறை கத்தியிருக்கிறேன்! மெதுவாக உறைந்தால் சதை உடைந்துபோகும், உருகினால் பார்ப்பதற்கு மீன், வாயில் வைத்தால் பஞ்சு என்று. தெரிந்த விஷயம்தான். மீனுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நர்ஸ் அங்கேயே உட்கார்ந்து டாக்டருக்கு போன் போட்டார். கிளினிக்குக்கு நேரமாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரும் அந்த ஊசியைத் தொடவே வேண்டாம் என்றார். மருந்து புதிதாக வரவழைக்க ஐந்தாறு நாளாகும், அதற்குமுன் ஏதாவது வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தார். நான் சுவரோரம் நின்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, நான் என்ன ஏற்றுமதிக்குப் போற எறாலா? எனக்கும் உப்பு போட்டு ஐஸ் அடிச்சிருக்கீங்க?"

நர்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. அவள் எழுந்து கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சில் குத்தியது. மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. திருவரங்குளம் பக்கத்து ஆள் ஒருவருக்கும் இதே நோய், இதே ஊசியாம். அந்த வாரம் போட வேண்டிய அவருக்குக் காய்ச்சல் வந்ததால் டாக்டர் தள்ளி வைத்திருக்கிறார். அவருக்காக வந்த மருந்து ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும், அந்த மருந்தை எங்களுக்குக் கொடுத்துவிட அவர் சம்மதித்துவிட்டார். எங்களுக்கு வருவதை அவர் எடுத்துக்கொள்வார்.

நன்றி சொல்ல நம்பர் கேட்டேன். அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள். "அட, இதுல என்னங்க இருக்கு? எனக்கு இப்ப கொஞ்சம் அடங்கித்தான் இருக்கு. ரத்தம் போறப்ப ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ங்க. மொதல்ல ஒங்க வீட்ல நல்லாகட்டும்" என்றார். இன்றுவரை அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

இந்தத் தடவை திருச்சியிலிருந்து வரும்போது மருந்தகத்தில் கட்டிக்கொடுத்த பெட்டியை நான் பிரிக்கவே இல்லை. அந்த இரண்டு ஜெல் பைகளும் கோட்டைப்பட்டினம் வரைக்கும் ஜில்லென்றுதான் இருந்தன. என் தொழில் கௌரவத்துக்கு அது இன்னொரு அடி. நர்ஸ் வந்து போட்டுவிட்டுப் போனார். மருந்து கேட்டது. ஆடி பிறப்பதற்குள் ரத்தம் நின்றது. பத்துத் தடவை என்பது மூன்றானது, அப்புறம் ஒன்றானது. சில மாதம் கழித்து மறுபடி கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். புண் ஆறி, குடல் இளஞ்சிவப்பாக இருந்தது. நோய் அடியோடு போகவில்லை, அடங்கியிருக்கிறது, ஊசியை நிறுத்தக் கூடாது என்றார். எங்களுக்கு அதுவே போதும். போன தையில் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் பேருந்தில் போனோம். அறந்தாங்கி தாண்டியதும் அவள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். இறங்கும்வரை நான் அசையவில்லை.

ஒன்றை மட்டும் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அன்று காலையில் நான் 'உறையவில்லை' என்று சொல்லியிருந்தால், செத்த மருந்தை அவள் உடம்பில் ஏற்றியிருப்பார்கள். புண் ஆறியிருக்காது. மருந்து கெட்டது யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த ஊசி இவளுக்குக் கேட்கவில்லை என்றுதான் டாக்டர் நினைத்திருப்பார், அவர்மேல் குற்றமே சொல்ல முடியாது. கடைசியில் குடலை எடுப்பதற்குப் புருஷன் என்ற இடத்தில் நானே கையெழுத்துப் போடும் நாளும் வந்திருக்கலாம். அன்றைக்கும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஒரு நிமிட வெட்கத்தைப் பொறுத்துக்கொண்டதால் அந்தக் கையெழுத்திலிருந்து தப்பித்தேன் என்று நினைக்கும்போதெல்லாம், இன்றும் எனக்கு மூச்சு நிதானமாக வருகிறது.