கூட்டாளி இல்லை என்றவன்

சாங்கிக்குச் சைக்கிளில் போய்க் கடலில் குளித்துவிட்டு வருவது என்பது என் யோசனை. கலியமூர்த்திக்கு அதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே கப்பலில் வந்து சேர்ந்தவனுக்குக் கடல் என்றாலே குமட்டும். நான் கூப்பிட்டேன் என்பதற்காக வந்தான்.

சுயாட்சி வந்த புதிது அது. எங்கள் இருவருக்கும் பதினாலு வயது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக் கடையில் அவனுடைய அப்பாவுக்கு வேலை. கலியன் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். தமிழ் நன்றாகப் பேசுவேன், எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. ஆனால் சந்தையைப் பசார் என்றும் காவல்காரரை ஜாகா என்றும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்து, ஊருக்குப் பழக்கியவன் நான்தான் என்று தலைக்கனம் மட்டும் நிறைய இருந்தது.

எங்கள் சந்தில் சிநேகிதன் என்று யாரும் சொல்வதில்லை, கூட்டாளி என்போம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கூட்டாளிகள். அம்மாவுக்குக் குழாயடியில் கூட்டாளிகள். எனக்குக் கலியன்.

சித்தப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டேன். கலியனுக்குக் கடைச் சைக்கிள். முன்பக்கம் அரிசி மூட்டை ஏற்றும் இரும்புச் சட்டம் வைத்தது. மிதித்தால் நகரும், ஆனால் யோசித்துத்தான் நகரும். கேலாங் தாண்டுவதற்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

“என்ன லா, மாட்டு வண்டியா ஓட்டுற?” என்று நான் சீண்டினேன்.

“போடா. மூட்டை இல்லாம ஓட்டுறதே எனக்குச் சொகமா இருக்கு” என்றான்.

பெடோக்கைத் தாண்டியதும் ரோட்டோரமாக ஒரு தோப்பு வந்தது. தென்னையும் ரம்புத்தானும் கலந்த தோப்பு. ரம்புத்தான் மரங்கள் சிவந்துபோய் நின்றன. கம்பி வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி வேறு. நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

“வேணாம்டா. அடுத்தவன் தோப்பு. எங்க ஊர்ல மரத்துல கட்டி வெச்சு உரிச்சுடுவாங்க.”

“இங்கெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க லா” என்றேன், உள்ளூர்க்காரன் என்ற தோரணையில். அவன் அசையவில்லை. இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றான். பயந்தாங்கொள்ளி என்று வாய்க்குள் திட்டிவிட்டு நான் மட்டும் நுழைந்தேன்.

சட்டையை மடித்துக் கட்டி அதில் பழங்களை நிரப்பியிருப்பேன், பின்னாலிருந்து ஒரு கை காலரைப் பிடித்துவிட்டது. தோப்பு ஜாகா. அவர் தமிழராக இருந்தது என் கெட்ட நேரம். சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்திருந்தால் பாஷை புரியாததுபோல் விழித்தாவது பார்த்திருக்கலாம். இவரும் கலியனைப் போல ஊரிலிருந்து வந்தவர். நல்ல தமிழில் என் வம்சத்தையே விசாரித்தபடி என்னை வேலி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். பழங்கள் வழியெல்லாம் உதிர்ந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கலியனைப் பார்த்தார்.

“டேய், நீயும் இவன் கூட்டாளியா?”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆமாம் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடியோ திட்டோ, இரண்டு பேருமாக வாங்கிக்கொண்டு போகலாம். கலியன் நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

“இல்லீங்கய்யா. நான் கூட்டாளி இல்லீங்க.”

முதலை வாய்க்குள் கால் இருக்கும்போது கையை உதறுகிறானே, பாவி! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தனக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஜாகா அடிக்கவில்லை. தோப்பில் விழுந்து கிடந்த தென்னை மட்டைகளையெல்லாம் பொறுக்கி மூலையில் அடுக்கிவிட்டு ஓடிப்போ என்றார். கலியனைப் பார்த்து, “ஒனக்கு என்னடா வேலை இங்க? போ” என்று விரட்டினார்.

அவன் போகவில்லை. நான் மட்டை இழுத்து முடிக்கிறவரைக்கும் கொளுத்துகிற வெயிலில் இரண்டு சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை, “நானும் கொஞ்சம் பொறுக்கட்டுங்களாய்யா?” என்று கேட்டான். “திருடுனவன்தான் பொறுக்கணும்” என்றார் அவர். வேடிக்கை பார்ப்பது போதாதென்று நல்ல பிள்ளை வேஷம் வேறா என்று எனக்கு எரிந்தது.

ஒருவழியாக வெளியே வந்தேன். அவன் கடைச் சைக்கிளின் சட்டத்திலிருந்து வாழை இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். அவனுடைய அப்பா கட்டிக்கொடுத்த தயிர்ச் சோறு.

“சாப்புடுடா. நானும் இன்னும் சாப்புடல.”

“நீயே முழுங்கு. கூட்டாளி இல்லன்னு சொன்னீல்ல?”

“ஆமா. சொன்னேன்.” அவன் முகத்தில் நிஜமாகவே குழப்பம். “நான் எப்படிடா கூட்டாளி ஆவேன்?”

இதைவிட என்ன வேண்டும்? வெளியூரிலிருந்து வந்தவனுக்குப் பாவம் பார்த்துப் பேச்சுச் சொல்லிக்கொடுத்து, ஊர் சுற்றிக் காட்டினால், முகத்துக்கு நேரே இப்படிக் கேட்கிறான். சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். கடல் இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. கடைச் சைக்கிள் பின்னாலேயே கடகடவென்று வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“எங்கடா உன் கூட்டாளி?” என்று அம்மா கேட்டபோது, எனக்குக் கூட்டாளியே கிடையாது என்றேன். அம்மா சிரித்துவிட்டு, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். சரியாகவில்லை. அவன் மாடிப்படியில் வந்து நிற்பான், நான் பாடம் இருக்கிறது என்பேன். கொஞ்ச நாளில் அவனும் வருவதை விட்டுவிட்டான்.

மறு வருஷம் அவனுடைய அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்தது என்று அப்பாவும் பிள்ளையும் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினார்கள். சொல்லிக்கொள்ள மேலே வந்தான். “போறேன்டா” என்றான். “போயிட்டு வாங்க” என்றேன். ‘டா’ போட்டுப் பேசியவனை ‘ங்க’ போட்டு அனுப்புவதைவிடப் பெரிய அடி கிடையாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது. மாடிப்படியில் இறங்கிப்போனான்.

அதற்கப்புறம் சில வருஷங்கள். எனக்கு மீசை அரும்பி, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த சமயம். முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு தமிழ்ப் பத்திரிகை. பொழுது போகாமல் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு கொள்ளைக்காரனையும் அவனுடைய கூட்டாளிகளையும் போலீசார் பிடித்தார்களாம்.

“அநியாயமா இருக்குண்ணே” என்றேன் முடிவெட்டுகிறவரிடம். “கொள்ளையடிச்சவன் ஒருத்தன். அவனுக்குச் சிநேகிதனா இருந்தா அவங்களையும் புடிச்சிடுவாங்களா?”

அவர் தஞ்சாவூர்க்காரர். கத்திரிக்கோலை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “நல்லா படிச்ச போ! சிநேகிதன் இல்ல தம்பி. கூட்டாளின்னா கூடச் சேந்து களவாண்டவன். எங்க ஊர்ல போலீசுக்காரன் வேற எதுக்கு அந்த வார்த்தையச் சொல்லுவான்?”

நான் ரம்புத்தான் பறித்தேன். அவன் பறிக்கவில்லை. நீயும் திருடினாயா என்று அந்த ஜாகா கேட்டிருக்கிறார், இல்லை என்று அவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். என் சிநேகிதன் இல்லை என்று கலியன் ஒருநாளும் சொல்லவில்லை.

கழுத்தில் கட்டிய துணியோடு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

“உக்காரு தம்பி, பாதித் தலைதான் ஆயிருக்கு. எங்க கெளம்பிட்ட?” என்றார் அவர்.

எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.