வெள்ளைக்காரனுக்கு முழுப்பக்கம்

என் கணவர் இளமையில் ஊர் விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்டக் குழுவில் பின்வரிசையில், 'பெக்' ஆக நின்றவர். வருகிற பந்தை மறிப்பதுதான் அவர் வேலை. ரொறன்ரோவில் கழகத்தின் விழா மலரில் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் போடப்போகிறார்கள் என்று கேட்ட நாள் முதல், தொலைபேசியை விட்டு அவர் அசையவில்லை.

மலர்ச் செயலாளர் பட்டியலோடு பிக்கரிங்கில் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"எத்தினை கோல் அண்ணை அடிச்சனீங்கள்?"

"நான் பெக் அல்லோ தம்பி. அடிக்கிறேல்லை, அடிக்க விடுறேல்லை."

"அப்ப கால்பக்கம்தான். கோல் அடிச்ச ஆக்களுக்கு அரைப்பக்கம். முழுப்பக்கம் வீடு விக்கிற ஆக்களின்ர விளம்பரத்துக்கு."

கணவர் சிரித்து வழியனுப்பினார். மத்தியானம் மீன்குழம்பைத் தொடவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு இங்கிலீஷ்காரர் தனியே இருக்கிறார். அவருடைய தாத்தா நூறு வருடத்துக்கு முதல் இங்கிலாந்தில் சம்பளத்துக்குப் பந்தாடியவர், அவரும் பின்வரிசைதான். ஒருநாள் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். பெரிய மீசை, முழங்கால் மூடிய காற்சட்டை. கணவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்: சுரங்கத்தில் கரி வெட்டினாராம், பந்தாடினாராம், முழங்கால் போனதாம், சாராயக்கடை வைத்தாராம். வாழ்நாளில் ஒரு கோலும் இல்லையாம். சரித்திரம் அவ்வளவுதான். எங்கள் ஆட்களென்றால் பிறந்த நட்சத்திரத்திலிருந்து தொடங்கியிருப்பார்கள்.

தொலைபேசி அடித்தால் எடுத்துக் கணவரிடம் நீட்டுகிறவள் நான். ஆனாலும் அவர் குளிக்கப்போன நேரம் பார்த்துச் செயலாளருக்கு எடுத்தேன். இங்கிலாந்தில் கோல் அடிக்காதவரையும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்களே, எங்கள் மனுசனுக்கு அரைப்பக்கமாவது தாருங்கள் என்று கேட்பதுதான் எண்ணம்.

"தம்பி, பக்கத்து வீட்டு இங்கிலீஷ்காரரின்ர தாத்தாவும் பெக்தான், சம்பளத்துக்கு…"

"வெள்ளைக்காரனோ? படம் இருக்கோ அக்கா?"

"ஓம், ஆனா இவருக்கு…"

"கலர்ல முழுப்பக்கம் போடுவம்! நீங்களே எழுதித் தாங்கோ. அண்ணைக்குத்தான் கால்பக்கம் இருக்கே."

வைத்துவிட்டார். மறுபடி எடுத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு வரிச் சரித்திரத்தை முழுப்பக்கமாக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பின்வரிசைக்காரர் ஒருவர்தான். அவரைப் பார்த்து எழுதினேன். குளிர் வருமுன்னே இடது முழங்கால் சொல்லிவிடும் என்று எழுதினேன். தோற்ற நாளில் தலையிடி என்று படுத்துவிடுவார். வென்ற நாளில் கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார். அதனால் வெற்றிப் படம் எதிலும் அவர் முகம் தெரியாது.

விழா ஸ்காபரோ மண்டபத்தில் பகல் முழுக்க நடந்தது. பக்கத்து வீட்டுக்காரரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். போகும்போது திருப்பிக் கொடுக்கவேண்டுமா என்று அவர் மெல்லக் கேட்டாராம். என் கணவருக்குச் சாப்பாட்டு வாசலில் ரிக்கெற் பார்க்கும் பொறுப்பு. அன்று ரிக்கெற் இல்லாத ஒரு ஆளும் அவரைத் தாண்டவில்லை, தலைவரின் மைத்துனர் உட்பட.

திரும்பும்போது காருக்குள் ஏறியதும் கணவர் மலரை விரித்தார். முத்திரை அளவு தன் படத்தைப் பார்த்தார். பிறகு முழுப்பக்கத்துக்குப் போனார். பின் ஆசனத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பொன்னாடையை மடித்து மடியில் வைத்தபடி இருந்தார்.

"உவருக்கும் இடது முழங்காலோ?"

"ஓம்."

"தோளில தூக்கினவராமோ?"

நான் சீற் பெல்ற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு தரம் முதலிலிருந்து வாசித்தார். மலரைக் கசங்காமல் மூடினார்.

"நல்ல பெக்," என்றார். "முழுப்பக்கம் குடுத்தது சரிதான்."