கன்னத்தில் ஒதுங்கிய மாத்திரை

அந்த முதியோர் இல்லத்தின் மூத்த நர்ஸுக்கு 'சாவி சிஸ்டர்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். மருந்து அலமாரிச் சாவி அவர் கழுத்தை விட்டு இறங்கியதே இல்லை. குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று அவர் வீட்டுக்காரரே சொல்லிச் சிரிப்பார். பூட்டியதும் இழுத்துப் பார்ப்பார்; நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். "என் அலமாரிக்குள்ள ஈ எறும்பு நுழைய முடியாது" என்று டாக்டரிடமே பெருமையடித்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவரை வாயடைக்க வைத்தது வாத்தியார் விஷயம். இல்லத்தில் தங்கியிருந்த, ஓய்வுபெற்ற அந்த மனிதர் சில நாளாகப் பகலெல்லாம் சொக்கி விழுந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிப்போனார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது தூக்க மாத்திரை வேலை. மூச்சு பலவீனமான ஆளு, இவருக்கு அதைக் கொடுக்கவே கூடாதுன்னு சொன்னேனே! இப்படியே போனா ஒருநாள் எழுந்திரிக்கவே மாட்டார்."

சாவி சிஸ்டர் ஓட்டமாக ஓடினார். அலமாரியைக் கவிழ்த்துக் கொட்டாத குறையாகச் சோதித்தார். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. வாத்தியார் அந்த நிலையில் கிடக்க, இவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. மனுஷ சுபாவம் அப்படி.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குட்டு உடைந்தது. வாத்தியாரின் பக்கத்துக் கட்டில்காரர் பழைய பஸ் கண்டக்டர். தூக்க மாத்திரை அவருக்குத்தான் உண்டு. வாங்கி வாயில் போட்டு, மடமடவென்று தண்ணீர் குடித்து, "முழுங்கியாச்சு" என்று பல்லைக் காட்டினார். வாசல்வரை போன சிஸ்டர், டம்ளரை மறந்துவிட்டோமே என்று திரும்பினார். கண்டக்டர் கன்னத்தில் ஒதுக்கியிருந்ததை எடுத்து, துண்டில் துடைத்து, டிக்கெட் கொடுப்பதுபோல வாத்தியாரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயையோ! ஆளைக் கொல்லப் பார்த்தீங்களே!" சிஸ்டர் பாய்ந்து பிடுங்கினார்.

கண்டக்டர் துண்டைச் சுருட்டிக்கொண்டார். "கொல்றதா? ராத்திரி பூரா அழுவாரு சிஸ்டர். நான் முழிச்சுக் கிடந்தா என்ன, அவராவது தூங்கட்டுமேன்னு..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"முழுங்கியாச்சான்னு தினமும் கேக்கறீங்க. தூங்கினீங்களான்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

சிஸ்டருக்கு வெட்கமாக இருந்தது; அதைவிட வருத்தமாக இருந்தது. முக்காலியை இழுத்து வாத்தியாரின் கட்டிலருகே போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க சார், என்ன நினைச்சு அழறீங்க?"

வாத்தியார் வாய் திறக்க வெகுநேரம் ஆயிற்று. சிஸ்டர் எழுந்திருக்கவில்லை.