பிள்ளை பெற்ற உடம்புக்கு அளவு ஜாக்கெட்

ஒருத்தி இளைத்திருக்கிறாளா, பெருத்திருக்கிறாளா என்பது அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்கு ஜாக்கெட் தைக்கிறவளுக்குத் தெரிந்துவிடும். மரக்காணம் பஜாரில் நான் சின்னதாக ஒரு லேடீஸ் டைலர் கடை வைத்திருந்தேன். சுனாமி வந்த மறு வருஷம் எனக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். அதற்குப் பிறகு கடைக்கு யார் வந்தாலும் என் கண் பிள்ளை பெற்றவர்கள் மேல்தான் முதலில் போகும். நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன் இல்லையா! பழைய ஜாக்கெட்டில் கையை நுழைத்து, மேலே போகவும் முடியாமல் கழற்றவும் முடியாமல் நடுவீட்டில் நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே ஜாதி.

எங்க தைச்சது?

பிள்ளை வெளியே வந்துவிட்டால் வயிறும் கூடவே போய்விடும் என்று நம்பியவள் நான். முதல் பிரசவத்தில் பட்டும் புத்தி வரவில்லை. பிள்ளை வந்தது, வயிறு இருந்த இடத்திலேயே இருந்தது. மாமியார் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். மூச்சு முட்டியதுதான் மிச்சம். மூன்றாம் மாதம் திண்டிவனத்தில் நாத்தனார் கல்யாணம். அதற்குள் இறங்கிவிடும், இறங்கிவிடும் என்று எனக்குப் புது ஜாக்கெட் தைக்காமலே இருந்துவிட்டேன். கல்யாணத்தன்று காலையில் பட்டு ஜாக்கெட்டைப் போட்டால் கொக்கி ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.

நாலைந்து ஊக்கு குத்திக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மேளச் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அது அழுததும் எனக்குப் பால் ஊறி முன்பக்கமெல்லாம் நனைந்துவிட்டது. எழுந்து அறைக்கு ஓடுவதற்குள் ஒரு ஊக்கு தெறித்து விழுந்தது. பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத ஒரு அம்மா. குனிந்து அந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தார். என் முதுகை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்பப் பரிதாபமாகக் கேட்டார்: “ஏம்மா, இந்த ஜாக்கெட்டு எங்க தைச்சது? சொல்லு, அந்தக் கடைப் பக்கம் நான் தலை வெச்சிப் படுக்க மாட்டேன்.”

கட்டிப் பிடித்த அளவு

பிரம்மதேசத்திலிருந்து ஒருவர் ஜாக்கெட் துணியோடு வந்தார். விவசாயி, முப்பது வயசு இருக்கும். மனைவிக்குத் தெரியாமல் தைத்துக் கொடுக்க வேண்டுமாம். அளவுக்குக் கொண்டுவந்தது கல்யாணத்துக்கு முந்தி தைத்த ஜாக்கெட். “குழந்தை பொறந்து எத்தினி மாசம் ஆவுது?” என்றேன். “ரெண்டு மாசம்ங்க.” “அப்ப இது ஆவாதுங்களே. அவங்களையே கூட்டிட்டு வாங்க.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “வர மாட்டாங்க. பொட்டியில இருக்கிற ஜாக்கெட்டு எல்லாத்தையும் போட்டுப் போட்டுப் பாத்துட்டு அழுவுது. கண்ணாடியைத் திருப்பி வெச்சிருக்குது. நைட்டியை விட்டு வெளிய வர்றதே இல்ல. அதான் சரியா ஒண்ணு தைச்சிக் கொடுத்துட்டா...”

கடையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக் கண்ணாடியின் நிலைமையும் அதுதான். “சரிங்க, குத்துமதிப்பா எவ்ளோ பெருத்திருக்காங்க, அதையாவது சொல்லுங்க” என்றேன். அவர் துணிப்பையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் வளைத்து, யாரையோ அணைப்பதுபோல் வைத்துப் பார்த்தார். விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. காதெல்லாம் சிவக்க, ஆனால் திடமாகச் சொன்னார்: “அப்பவும் கைக்குள்ளதான் இருந்துச்சி, இப்பவும் கைக்குள்ளதான் இருக்குது. எனக்கு வித்தியாசம் தெரியலீங்க.”

மச்சான் வர்றாங்க

ஷமீமாவுக்கு அம்மா வீடு மரக்காணம், வாழ்க்கைப்பட்டது கோட்டக்குப்பம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் துபாயில். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே போனவர், இப்போது லீவில் வரப்போகிறார். கல்யாணத்துக்குத் தைத்த சுடிதாரைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள். “இதைவிட ஒரு இஞ்ச் கம்மியா தைச்சிடுங்கக்கா. மச்சான் வர்றதுக்குள்ள எறங்கிடுவேன்.” எப்படி இறங்குவாயாம் என்றேன். காலையில் கொள்ளுக் கஞ்சி, ராத்திரியில் வெந்நீரும் எலுமிச்சம்பழமுமாம். சோற்றைத் தொடுவதில்லை. இடுப்பில் இருந்த குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது.

துணியை வாங்கி வைத்துக்கொண்டு, உடம்பு அளவையும் எடுத்துவிடுகிறேன் என்று கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். முகம் வெளுத்து, அப்படியே சுவரோடு சரிந்தாள். நல்லவேளை, குழந்தையை நான் வாங்கி வைத்திருந்தேன். ஸ்டூலில் உட்காரவைத்து, டீக்கடையிலிருந்து சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் பன்னும் வரவழைத்துக் கொடுத்தேன். பாதி பன்னிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். “கல்யாண போட்டோவை அங்க ரூம்ல ஒட்டி வெச்சிருக்காங்களாம்க்கா. அதையே பாத்துட்டு வந்து, ஏர்போர்ட்டுல என்னைப் பாத்ததும் முகம் மாறிடுச்சின்னா?” “புள்ளைக்குப் பால் வேணும், நீ மொதல்ல சோறு சாப்புடு. இன்னிக்கி இருக்கிற உடம்புக்குத் தைக்கிறேன். எறங்கினா புடிச்சிக் கொடுக்கிறேன், காசு வேணாம்” என்றேன். அவள் அம்மாவிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அப்புறம் கொஞ்சம் சாப்பிட்டாளாம், மனசில்லாமல்.

அவர் வந்து இறங்கிய அடுத்த வாரம் இரண்டு பேருமாகக் கடைக்கு வந்தார்கள். ஷமீமா நான் தைத்த சுடிதாரில், வாயெல்லாம் சிரிப்பு. அவர் குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். சட்டைப் பட்டன்கள் வயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. முன்தலையில் முடி பாதி இல்லை. ஷமீமா எனக்குக் காட்டியிருந்த கல்யாண போட்டோவில் இருந்த மாப்பிள்ளை இவர்தானா என்று எனக்கே சந்தேகம். கையில் வைத்திருந்த பையை மெதுவாக என் பக்கம் தள்ளினார். உள்ளே அவருடைய கல்யாண பேண்ட். “அக்கா, இங்க லேடீசுக்கு மட்டும்தான் பிரிச்சி விடுவீங்களா?”

மூணாவது தடவை

செல்வி உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். பிள்ளை பெற்று, உப்பு வாரும் சீசன் வந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நாமெல்லாம் பெருத்துப்போய்ப் பிரிக்கக் கொடுக்கும்போது, அவள் மட்டும் தொளதொளக்குது என்று ஜாக்கெட்டைப் பிடிக்கக் கொடுத்தாள். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பொறாமை. “என்னாடி சாப்புடுற, எங்களுக்கும் சொல்லு” என்றேன். “எல்லாத்தையும்தான் சாப்புடுறேன்க்கா. பானையைக் காலி பண்றேன். பசி அடங்க மாட்டேங்குது” என்றாள். சிரித்தோம்.

கொஞ்ச நாளில் அதே ஜாக்கெட்டோடு மறுபடி வந்தாள், இன்னும் பிடிக்க வேண்டுமென்று. மறுபடியும் வந்தாள். மூணாவது தடவை அளவு நாடாவைப் போட்டபோது தோள் எலும்பு என் விரலில் இடித்தது. கொக்கி கழற்ற அவள் கை நடுங்கியது. கழுத்தில் நாடி துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. “என்னா செல்வி இது?” என்றேன். “படுத்தா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதுக்கா. தூக்கமே இல்ல. புள்ள அழுதா எரிஞ்சி விழறேன், அப்புறம் நானே உக்காந்து அழுவுறேன். வெயில்ல வேலை செஞ்சா இளைக்கத்தான் செய்யும்னு அவரு சொல்றாரு. மாமியாரு கண்ணு பட்டுடுச்சின்னு சுத்திப் போட்டாங்க.” பிறகு குரலை இறக்கி, “எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா இந்தப் புள்ள என்னாக்கா பண்ணும்?” என்றாள்.

எனக்கு என்ன தெரியும்? பயம்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே அவள் புருஷனைக் கடைக்குக் கூப்பிட்டு, மூன்று தடவை பிடித்த தையலையும் உள்பக்கம் திருப்பிக் காட்டினேன். “ஏம்பா, வெயில்ல எல்லாருந்தான் வேலை செய்றாங்க. யாரு இப்படிக் கரைஞ்சி போறாங்க?” அவன் ஜாக்கெட்டை வாங்கி ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்தான். மறுநாள் முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவளைக் கையை நீட்டச் சொன்னார், தொண்டையைத் தொட்டுப் பார்த்தார், ரத்தம் எடுக்க எழுதினார். ரிசல்ட் வந்தது. தைராய்டு. பிரசவத்துக்குப் பிறகு சில பேருக்கு அது இப்படி ஆட்டம் போடுமாம். மாத்திரை கொடுத்து, அடிக்கடி வந்து காட்டச் சொன்னார். செல்வி கேட்டது ஒன்றே ஒன்றுதான், பால் கொடுக்கலாமா என்று. தாராளமாகக் கொடு என்று டாக்டரம்மா சொன்னதும் செல்வி மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

புருஷன் அவளை உப்பளத்துக்கு அனுப்பவில்லை. உடம்பு தேற மாசக்கணக்கில் ஆனது. பிறகு ஒருநாள் அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது. ஜாக்கெட் சின்னதாகிவிட்டது என்ற புகாரை அழுகுரலில்தான் நான் கேட்டிருக்கிறேன். தெருவுக்கே கேட்கும்படி சிரித்துக்கொண்டு சொன்னவள் இவள் ஒருத்திதான்: “அக்கா, புடிக்குதுக்கா! கையைத் தூக்க முடியல, மூச்சு வுட முடியல! சீக்கிரம் பிரிச்சி வுடுங்க!”

தீபாவளிக்குள் டெலிவரி வேண்டுமென்று தையற்காரியை வேண்டுமானால் விரட்டலாம், டெலிவரி ஆன உடம்பை மட்டும் யாராலும் விரட்ட முடியாது.