மேகம் இல்லை

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து வீட்டில் எந்தப் பிளக்கையும் நான் தொடவில்லை. மிக்சி போடுவதற்குக்கூட மகளைக் கூப்பிடுகிறேன். அவளும் சிரித்துக்கொண்டே வந்து போட்டுவிட்டுப் போகிறாள். நேற்று சளிக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டேன். அந்த வாசனை என்னை முப்பது வருடம் பின்னால் இழுத்துப்போய் ஒரு மேஜை முன்னால் உட்கார வைத்துவிட்டது. யாரிடமாவது சொன்னால்தான் ஆறும், கேளுங்கள்.

அப்போது திருப்பதியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. அரை நாள் பஸ் தூரத்தில் ஒரு மலை, மலைமேல் டெலஸ்கோப். அங்கே பார்த்ததையெல்லாம் டேப்பில் பதிந்து, தகரப் பெட்டியில் வைத்து, குலுங்காமலிருக்கச் சுற்றிலும் தைலமர இலைகளை அடைத்து அனுப்புவார்கள். பெட்டியைத் திறந்தால் முதலில் மலை வாசனைதான் வரும், வானம் அப்புறம். டேப்போடு ஒரு தாளும் வரும். எந்த நட்சத்திரம், எத்தனை மணிக்கு, மேகம் உண்டா இல்லையா என்று பார்த்தவர் கையால் எழுதியிருப்பார். டேப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு, தப்பு இருந்தால் அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவது என் வேலை. 'இரண்டாவது டேப் பழுது.' 'மணி தவறு.' கீழே என் பெயரின் முதலெழுத்து. அந்த ஓரம் மட்டும்தான் எனக்கென்று இருந்த இடம்.

பெட்டியைக் கொண்டுவருகிறவர் முனிரத்தினம், சத்தியவேடு பக்கத்து மனிதர். திருப்பதி வெயிலிலும் குரங்குக் குல்லாவைக் கழற்றமாட்டார். மலையிலிருந்து வருகிறார் என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே.

"இன்னா தங்கச்சி, வானத்தையே மடியில வெச்சிக்கினு வந்துக்கிறேன், ஒரு டீ கூட கெடையாதா?"

"மடியில வெச்சிக்கினு வந்தியா, தலைக்கு வெச்சிக்கினு தூங்கினியாண்ணா?"

"நீயே ஒருவாட்டி போய் எடுத்துக்கினு வாயேன், அப்ப தெரியும்!"

விளையாட்டுக்குத்தான் சொல்வார். எனக்குச் சுருக்கென்று குத்தும். ஏனென்றால் போக வேண்டுமென்று நான் கேட்டிருந்தேன். "ஆடவாள்ளக்கு அக்கட ரூம் லேதம்மா" என்றுவிட்டார் அதிகாரி. பெண்களுக்கு அங்கே தங்க அறை இல்லையாம். ஒரு குரங்குக் குல்லாவைப் பார்த்து வயிறெரிந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேலையை விடும்வரை அந்த மலையை நான் பார்க்கவே இல்லை.

அந்த அறையில் எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை உண்டு: இடி கேட்டால் முதலில் பிளக்கைப் பிடுங்கு, மற்றதை அப்புறம் பேசலாம். ஒரே மின்னலில் ஒரு டேப் டிரைவ் கருகிப்போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். கல்யாணமாகி நகரிக்கு வந்த பிறகும் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. வானம் முணுமுணுத்தால் போதும், எங்கள் வீட்டில் டிவியும் பிரிட்ஜும் ஊமையாகிவிடும்.

என் மகள் லாவண்யாவுக்கும் திருப்பதியில் அதே இடத்தில்தான் வேலை. ஆனால் அவள் மலையேற வேண்டியதில்லை. சில நாள் நகரியில், எங்கள் முன்னறையில் உட்கார்ந்தபடியே, சிலி நாட்டுப் பாலைவன மலையிலிருக்கும் டெலஸ்கோப்பைத் திருப்புகிறாள். அங்கே இரவு, நமக்குப் பகல். இட்லித் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்கிறாள். இணைப்பு அவ்வளவு வேகம்; அங்கே படம் எடுத்து முடித்ததும் இங்கே திரையில் வந்து நிற்கிறது. பெருமையடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பெருமை பாதிதான்.

போன செவ்வாய்க்கிழமை டெலஸ்கோப் நேரம் அவள் இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டு வாங்கியது. ஒரு நட்சத்திரத்தின் முகத்தை அதன் கோள் கடந்து போகும். உள்ளே நுழைவதும் வெளியே வருவதும் இரண்டும் பதிந்தால்தான் பயன். நுழைந்தது பதிந்துவிட்டது. வெளியே வரக் கொஞ்ச நேரம் இருந்தது. அங்கிருந்த ஆபரேட்டர் ஒரு கேமராவைத் திருப்பி அவளுக்கு மலையைக் காட்டினார். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். திறந்த வட்டக் கூரை, கறுத்த மலை முகடு, ஒரு துணுக்கு மேகம்கூட இல்லாமல் கொட்டிக் கிடக்கிற நட்சத்திரங்கள்.

"நல்லா கீதில்லமா?" என்றாள், பஸ் ஸ்டாண்டைக் காட்டுவதுபோல.

அப்போது தெருவில் விசைத்தறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. நகரியில் தறிச் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடியது. புத்தூர்ப் பக்கம் எங்கோ ஓர் இடி. என் கை போய் இன்டர்நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டது.

"ஐயோ, இன்னாம்மா பண்ணே!"

"இடி இடிச்சிதுடீ..."

"இடி நகரிலமா! டெலஸ்கோப்பு சிலில கீது!"

மறுபடி மாட்டினேன். பெட்டி கண் சிமிட்டிச் சிமிட்டி உயிர் வந்து, அத்தனை பாஸ்வேர்டும் போட்டு அவள் உள்ளே நுழைவதற்குள் இருபது நிமிடம். அடுத்த படத்துக்கு அவள்தான் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதர் அங்கே காத்துக்கொண்டிருந்திருக்கிறார். கோள் காத்திருக்கவில்லை.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். "பயந்துட்டியாமா?" என்றாள். "ஆமா" என்றேன்.

பயம்தான். ஆனால் இடி தூரத்தில் என்பது காதுக்குத் தெரிந்தது. கை நீளும்போது என் கண் அந்த மலைமேல்தான் இருந்தது. எனக்கு அறை இல்லாத மலை, என் மகளின் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில். பிடுங்கியது பழக்கமா, வேறு ஏதாவதா? அன்றிலிருந்து என் கையை நானே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது டேப் இல்லை, தகரப் பெட்டி இல்லை. முனிரத்தினம் அண்ணனும் போய்ச்சேர்ந்துவிட்டார். திருப்பதியில் நான் வேலை பார்த்த அறையில் பழைய பேட்டரிகளை அடுக்கியிருக்கிறார்களாம். தாளும் இல்லை, எல்லாக் குறிப்பும் திரையிலேயே. நேரம் வீணானால் அதில் காரணம் சொல்ல வேண்டும். அன்று லாவண்யா எழுந்து போன பிறகு அவள் எழுதியிருந்ததைக் குனிந்து படித்தேன். 'இருபது நிமிடம் இழப்பு. காரணம்: மேகம்.'

அந்த வானத்தை நானும்தான் பார்த்தேன். தாளாக இருந்திருந்தால் பென்சிலை எடுத்து எழுதியிருப்பேன்: மேகம் இல்லை. கீழே என் முதலெழுத்து. திரையில் தேடிப் பார்த்துவிட்டேன், ஓரம் என்று ஒன்று இல்லை.